கட்டிவிட்டு வா என்கிறார்கள்!

"பெட்டி கேஸ்தானே, ஒத்துக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு வா!"

மோட்டார்த் தொழிலில் பத்து வருஷம் காலம் தள்ளிய எந்தத் தோழரை வேண்டுமானாலும் கேளுங்கள். இந்த வாக்கியத்தை அவர் ஒருமுறையாவது கேட்டிருப்பார். முதலாளி சொல்வார். ஸ்டேஷன் ரைட்டர் சொல்வார். கோர்ட்டு வராந்தாவில் நிற்கும் முன்பின் தெரியாத மனிதர்கூடச் சொல்வார். எல்லோரும் நல்லதற்குச் சொல்வதுபோலத்தான் சொல்வார்கள். ஆனால் ஒத்துக்கொண்டவன் தலையில் பிறகு என்ன வந்து விழுகிறது என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அதைச் சொல்வதற்காகவே இன்று இந்தப் பத்தியை எடுத்துக்கொண்டோம்.

நமக்குத் தெரிந்த டிரைவர் தோழர் ஒருவர். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். மொத்த மார்க்கெட்டிலிருந்து காய்கறி மூட்டை ஏற்றிச் செல்லும் சின்ன வேன் ஓட்டுகிறவர். வண்டி முதலாளியுடையது, இவருக்கு நாள் சம்பளமும் படியும்தான். விடியற்காலை 2 மணிக்கு ஸ்டீரிங்கைப் பிடித்தவர், 6 மணிக்கு இரண்டாவது நடை போய்க்கொண்டிருந்தார். நாற்சந்தியில் பச்சை விளக்கு விழுந்தது, வண்டியை எடுத்தார். வலது பக்கத்துத் தெருவிலிருந்து, போகக்கூடாத திசையில், மோட்டார் சைக்கிள் ஒன்று பாய்ந்து வந்தது. பிரேக்கை மிதித்தார். வண்டி இழுத்துக்கொண்டுபோய் நடுத்திட்டில் முட்டியது. மோட்டார் சைக்கிள் பக்கவாட்டில் மோதி விழுந்தது. ஓட்டிவந்த இளைஞனுக்குக் கால் முறிந்தது. நம் தோழருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது.

அந்த இளைஞன் யார்? வீடுவீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவன். நிமிஷக் கணக்கில் கூலி பெறுகிறவன். சுற்றிக்கொண்டு போனால் நேரம் போய்விடும், நேரம் போனால் காசு போய்விடும் என்று குறுக்கே வந்தவன். அவன்மீது நமக்குக் கோபம் இல்லை. அவனும் நம்மைப்போல் உழைத்துப் பிழைக்கிறவன்தான். ஆனாலும் நடந்தது நடந்ததுதானே!

கூட்டம் கூடியது. கூட்டத்தின் தீர்ப்பு எப்படி இருக்கும் என்பது தெரிந்ததே. "பெரிய வண்டிக்காரன் மேல்தான் தப்பு!" லாரியும் காரும் மோதினால் லாரிக்காரன்மேல் தப்பு, காரும் சைக்கிளும் மோதினால் கார்க்காரன்மேல் தப்பு. சந்தியில் பிறந்த இந்தச் சட்டத்தை எந்தச் சட்டசபையும் நிறைவேற்றியதில்லை. ஆனால் நம் நாட்டில் இதைவிட வேகமாக அமுலாகும் சட்டம் வேறு இல்லை.

நம் தோழர் ஓடவில்லை. ஒடிந்த கையோடு அந்த இளைஞனை ஆட்டோவில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய்த் தகவலும் சொன்னார். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு டிரைவரிடம் கேட்பது இதைத்தான்: அடிபட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்க வழிசெய், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தகவல் கொடு. கூட்டத்தின் ஆத்திரத்தால் உயிருக்கு ஆபத்து என்றால் அந்த இடத்தில் நின்று வைத்தியம் பார்க்கத்தான் வேண்டும் என்பதில்லை என்றுகூட அந்தப் பிரிவே சொல்கிறது. நம் தோழர் இரண்டையும் செய்தார்.

செய்ததற்குப் பரிசு என்ன? அபாயகரமாக வண்டி ஓட்டினார் என்று 184ஆவது பிரிவின்படி ஒரு சீட்டு. அதோடு பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125ஆவது பிரிவுகளில் ஒரு முதல் தகவல் அறிக்கை. பழைய ஆட்களுக்கு 279, 337, 338 என்றால் புரியும். 2024 ஜூலை 1 முதல் எண்கள் மாறியிருக்கின்றன. டிரைவரின் கதி மாறவில்லை.

முதலாளி வந்தார். "வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. நாளைக்கு வாடகை போகிறது. ஏதாவது எழுதிக் கேட்டால் எழுதிக்கொடு" என்றார். எழுதிக்கொடுத்தார். சில மாதம் கழித்துக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. மறுபடியும் முதலாளி வந்தார். "வாய்தா வாய்தாவாக நீ அலைந்தால் வண்டியை யார் ஓட்டுவது? ஒத்துக்கொள். அபராதம் நான் கொடுத்துவிடுகிறேன்." கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். "ஆமாங்க ஐயா" என்றார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. முதலாளி கொடுத்த பணத்தைக் கட்டினார். மத்தியானம் நடைக்குப் போய்விட்டார்.

தொல்லை விட்டது என்றுதான் அவரும் நினைத்தார்.

ஒரு சொல்லின் விலை

ஒடிந்த மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. மூட்டை தூக்க முடியாது. கியர் போடும்போது வலி. யாரோ சொன்னார்கள் என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டார். மோட்டார் சைக்கிளின் இன்ஷூரன்சு கம்பெனி வக்கீல் நீண்ட வாதம் எதுவும் செய்யவில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டுத் தீர்ப்பின் நகல் ஒன்றை எடுத்து நீட்டினார். "வேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியது நான்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள் அல்லவா?" ஒரே கேள்வி. என்ன பதில் சொல்ல முடியும்? முதலாளி சொல்லச் சொன்னார் என்றா?

கிரிமினல் கோர்ட்டின் தீர்ப்பு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தைக் கட்டிப்போடாது. அது தானே சாட்சியங்களைப் பார்த்து முடிவு செய்யலாம். சட்டம் அறிந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மெய்தான். ஆனால் சாட்சி சொல்லி நிரூபித்த தீர்ப்பு வேறு. தன் வாயாலேயே ஒத்துக்கொண்ட தீர்ப்பு வேறு. பின்னது அவனுடைய சொந்த ஒப்புதல். அதை மீறிக்கொண்டு வருவதற்கு வலுவான சாட்சியம் வேண்டும். நம் தோழரிடம் இருந்தது என்ன? சந்தியில் கூடிய கூட்டம் அன்றைக்கே கலைந்துவிட்டது. எதிரே இருந்த கடையின் கேமரா அந்தக் காட்சியை என்றைக்கோ அழித்துவிட்டு வேறு காட்சிகளை எழுதிக்கொண்டிருந்தது. மனு தள்ளுபடி.

இதோடு முடிந்ததா? இல்லை. தோழர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் இனிமேல்தான் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 21 என்று ஒரு பிரிவு. அதைப் பற்றி எந்த முதலாளியும் வாய் திறப்பதில்லை. 184இல் ஏற்கெனவே தண்டனை பெற்ற ஒரு டிரைவர்மீது, அபாயகரமாக ஓட்டி ஒருவருக்குக் கொடுங்காயமோ மரணமோ விளைவித்ததாகப் பிறகு ஒரு வழக்குப் பதிவானால், அந்த வகை வண்டி ஓட்டும் லைசென்சு 6 மாதத்துக்கு நின்றுவிடுகிறது. குற்றம் நிரூபிக்கப்பட்ட நாளிலிருந்து அல்ல. வழக்குப் பதிவான நாளிலிருந்து! அதற்குமுன் விடுதலை பெற்றால் அன்றோடு தடை நீங்கும். ஆனால் 6 மாதத்துக்குள் வழக்கு முடிவதைப் பார்த்தவர் உண்டா? அடுத்த விபத்தில் தப்பு யாருடையதாக இருந்தாலும் சரி, எழுதுகிறவர் ஒரு வரி எழுதினால் போதும். அரை வருஷத்துக்கு அடுப்பு எரியாது.

அது மட்டுமா? 184இல் முதல்முறை என்றால் 6 மாதத்துக்குக் குறையாமல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருஷத்துக்குள் இரண்டாம்முறை என்றால் 2 வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது வைத்த கணக்கு இது. முதல்முறை ஒத்துக்கொண்டவன் இரண்டாம்முறைக்கான வாசலைத் தானே திறந்து வைக்கிறான்.

ஒத்துக்கொண்டபின் மேல்கோர்ட்டுக்குப் போகலாமே என்று கேட்கலாம். போக முடியாது. தானாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவனுக்குப் பொதுவாக அப்பீல் கிடையாது. விதித்த தண்டனை அதிகமா, சட்டப்படி சரியா என்பதைப் பற்றி மட்டும் பேசலாம். பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்திலும் இதுதான். அதன் இடத்தில் வந்திருக்கும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இதுதான்.

வண்டி வேறு, வழக்கு வேறு

ஸ்டேஷனில் நிற்கிற வண்டியைக் காட்டித்தான் டிரைவரை மிரட்டுகிறார்கள். ஆகவே இதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். விபத்தில் சிக்கிய வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்வையிடவேண்டும் என்பது சரி. 136ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் அதே பிரிவு, பார்வையிடும் வேலை முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றும் சொல்கிறது. கொடுக்காவிட்டால் வண்டிச் சொந்தக்காரர் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். இதில் எந்த இடத்திலும் டிரைவர் குற்றத்தை ஒத்துக்கொள்ளவேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. வண்டியை மீட்பது முதலாளியின் காரியம். அதற்கு டிரைவரின் கையெழுத்தை அடகு வைப்பானேன்?

ஸ்டேஷனில் ஏற்கெனவே எழுதிக்கொடுத்தாகிவிட்டதே, இனி என்ன செய்வது என்று மனம் தளரும் தோழர்களுக்கு ஒரு செய்தி. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை, கொடுத்தவனுக்கு எதிராக நிரூபிக்கக்கூடாது. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் வெள்ளைக்காரனே எழுதிவைத்த விதி இது. புதிய சாட்சியச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. வெள்ளைக்காரன் ஏன் எழுதினான்? ஸ்டேஷனில் ஒப்புதல் எப்படி வாங்கப்படுகிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது! ஆகவே ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தவனும் கோர்ட்டில் "இல்லை" என்று சொல்லலாம். கோர்ட்டில் சொன்ன "ஆமாம்"தான் திரும்ப எடுக்க முடியாதது.

சரி, "இல்லை" என்று சொன்னால் என்ன ஆகும்? விசாரணை நடக்கும். நிரூபிக்கவேண்டியது அரசாங்கத் தரப்பு. விபத்து நடந்தது என்பதே குற்றத்துக்கு நிரூபணம் ஆகாது. எந்த இடம், ரஸ்தா எப்படிப்பட்டது, அந்த நேரத்தில் எவ்வளவு போக்குவரத்து இருந்தது என்பதை எல்லாம் வைத்துத்தான் ஓட்டியது அபாயகரமா என்று பார்க்கவேண்டும் என்று 184ஆவது பிரிவே சொல்கிறது. எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவதையும் அதே பிரிவில் 2019இல் சேர்த்தார்கள் என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம். அந்த நாற்சந்தியில் அந்த வாசகத்துக்குள் வருகிறவர் யார் என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

கர்நாடகத்தில் லாரி ஒன்று கவிழ்ந்து 15 பேர் மாண்ட வழக்கு 1998இல் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ந்தது. சாட்சிகள் எல்லோரும் லாரி "அதிவேகமாக" வந்தது என்றார்கள். எவ்வளவு வேகம், எதனால் அது அதிவேகம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதிவேகம் என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அஜாக்கிரதை என்று முடிவுகட்ட முடியாது, குற்றத்தை ஊகிக்க முடியாது, நிரூபிக்கத்தான் வேண்டும் என்று கூறி, அந்த டிரைவர் பெற்றிருந்த விடுதலையை உறுதிசெய்தார்கள். 15 உயிர் போன வழக்கிலேயே நிலை இது. கால் முறிந்த வழக்கில், பச்சை விளக்கில் வந்தவன், சாட்சி ஒருவரைக்கூடக் கேட்காமல் ஏன் தலையைக் குனியவேண்டும்?

இன்னொரு பிரிவையும் மனத்தில் வையுங்கள்: 209. அதிவேகம், அபாயகரமாக ஓட்டியது என்று 183, 184இல் வழக்குப் போடவேண்டுமானால் மூன்றில் ஒன்று நடந்திருக்கவேண்டும். அந்த இடத்திலேயே, வழக்குத் தொடரக்கூடும் என்று எச்சரித்திருக்கவேண்டும். அல்லது 14 நாளுக்குள், குற்றம் என்ன, எங்கே, எப்போது என்று காட்டும் அறிவிப்பு வந்திருக்கவேண்டும். அல்லது 28 நாளுக்குள் சம்மன் கையில் கொடுத்திருக்கவேண்டும். ஒன்றுமே நடக்காவிட்டால் தண்டிக்க முடியாது. ஆளின் பேரோ விலாசமோ முயன்றும் தெரியவில்லை என்றால் விலக்கு உண்டு. எத்தனை வழக்குகளில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறோம்? கேட்பதற்கு அங்கே ஆள் இருந்தால்தானே!

ரஸ்தாவிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று சிலர் பேரம் பேசுகிறார்களே, அதற்கும் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 200ஆவது பிரிவு அதிகாரிகளே பணம் வாங்கிக்கொண்டு தீர்க்கக்கூடிய குற்றங்களைப் பட்டியல் போடுகிறது. 184இல் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டியது ஒன்றுதான் அந்தப் பட்டியலில் உண்டு. மற்றவை கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். பணம் கட்டித் தீர்த்துக்கொண்ட குற்றமும், அடுத்தமுறை கணக்குப் பார்க்கும்போது முன்பு செய்த குற்றமாகவே எண்ணப்படும் என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. கட்டிவிட்டால் தீர்ந்தது என்பது பொய்.

கேமரா அனுப்பும் சீட்டுக்கும் விதி உண்டு. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். குற்றத்தையும் நம்பர் பலகையையும் தெளிவாகக் காட்டும் படம் இருக்கவேண்டும். நாள், நேரம், இடம், மீறிய பிரிவு எழுதியிருக்கவேண்டும். விவகாரம் தீரும்வரை அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கவேண்டும் என்றார்கள். கெடு நாட்களைச் சர்க்கார் அவ்வப்போது திருத்திக்கொண்டிருக்கிறது. ஆகவே கையில் இருக்கும் சீட்டில் போட்டிருக்கும் கெடுவை முதலில் பாருங்கள். இணையவழி மெய்நிகர் நீதிமன்றத்துக்குச் சீட்டுப் போயிருந்தால் அங்கே இரண்டு வழி: பணம் கட்டுவது, மறுப்பது. பணம் கட்டினால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். மறுத்தால் வழக்கமான கோர்ட்டுக்கு வழக்கு மாறும். பொத்தானை அழுத்துவது பிள்ளைகள் விளையாட்டுப்போல் இருக்கிறது. அழுத்துகிறவன் வாய்ச்சொல் கொடுக்கிறான் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

நாம் யாருக்காக வாதாடவில்லை?

இதைப் படித்துவிட்டு, டிரைவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நாம் பறைசாற்றுவதாக யாரும் நினைக்கவேண்டாம். குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கு இந்தப் பத்தியில் இடம் இல்லை. காதில் போனை வைத்துக்கொண்டு பஸ் ஓட்டுகிறவனுக்கும் இல்லை. தலைக்கவசம் இல்லாமல் போய் 1,000 ரூபாய்ச் சீட்டு வாங்கியவர் அதைக் கட்டிவிட்டு, நாளை முதல் மாட்டிக்கொண்டு போகட்டும். 2022ஆம் வருஷத்தில் இந்தியாவின் ரஸ்தாக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்து எண்ணிக்கையில் அந்த வருஷம் நம் மாநிலம்தான் முதலிடம். மாண்டவர்களில் பெரும்பாலோர் கார்களில் பவனி வந்தவர்கள் அல்ல. இரண்டு சக்கரத்தில் போனவர்களும் நடந்து போனவர்களும்தான். அவர்கள் நம் ஜனங்கள். உண்மையில் தப்புச் செய்தவன் ஒத்துக்கொள்வது கௌரவமான காரியம்.

ஆனால் செய்யாத தப்பை ஒத்துக்கொள்வதால் ரஸ்தா பத்திரமாகிவிடுகிறதா? அந்த நாற்சந்தியில் பார்சல் பையன்கள் ஏன் எதிர்த்திசையில் வருகிறார்கள், சுற்றுப்பாதை எவ்வளவு தூரம், அவர்களுக்கு எத்தனை நிமிஷம் கெடு வைத்தார்கள் என்ற கேள்விகள் எல்லாம் அந்த இரண்டு நிமிஷ "ஆமாங்க ஐயா"வில் புதைந்துவிட்டன. அதிகாலை 2 மணியிலிருந்து ஒருவனை ஏன் ஓட்டச் சொன்னார்கள் என்ற கேள்வியும் அதிலேயே புதைந்தது. 1961இல் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தபோது நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதினார்கள். எத்தனை முதலாளிகள் அந்தக் கணக்கைப் பார்த்தார்கள்? வழுக்கை டயரில் ஓட்டச் சொன்னவர் கோர்ட்டு வாசலுக்கே வருவதில்லை. ஓட்டியவன் மட்டும் கூண்டில் நிற்கிறான். அபராதம் நான் தருகிறேன் என்கிறாரே, லைசென்சு போனால் அவர் லைசென்சைத் தருவாரா?

அந்த முதலாளி சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. வேலை செய்யும்போது ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி கொடுக்கவேண்டிய ஈட்டுத்தொகைக்கு, விபத்தில் யார்மீது தப்பு என்ற கேள்வியே எழுவதில்லை. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 1923ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்து இன்றைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வரை இதுவே நிலை. நம் தோழரின் மணிக்கட்டுக்கு அந்த வழி திறந்துதான் இருந்தது. அபராதப் பணத்தைத் தாராளமாக எடுத்து நீட்டியவர் அந்த வழியை மட்டும் ஏன் காட்டவில்லை?

2024 ஜனவரியை மறந்துவிட்டோமா?

2024 ஜனவரி முதல் வாரம். புதிய தண்டனைச் சட்டத்தின் 106ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, அஜாக்கிரதையாக ஓட்டி மரணம் விளைவித்துவிட்டு, தகவல் கொடுக்காமல் ஓடிவிடும் டிரைவருக்கு 10 வருஷம் வரை சிறையும் அபராதமும் என்றது. 7 லட்சம் அபராதம் என்று ஒரு புரளியும் கிளம்பியது; சட்டத்தில் அப்படி ஒரு தொகை இல்லை. ஆனால் 10 வருஷம் என்பது புரளி இல்லை. நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் சர்க்கார் அடைக்கும் என்ற நிலை. வடநாட்டில் லாரிகள் நின்றன. பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. உடனே பேச்சுவார்த்தை நடந்தது. கலந்து பேசிய பிறகே அமுல் செய்வோம் என்றார்கள். பிப்ரவரியில் வந்த அறிவிப்பில் மற்ற பிரிவுகளுக்கு ஜூலை 1 என்று தேதி குறித்துவிட்டு, அந்த உட்பிரிவை மட்டும் தனியே நிறுத்திவைத்தார்கள்.

பல லட்சம் டிரைவர்கள் சேர்ந்து "இல்லை" என்று சொன்னபோது டில்லி கேட்டது. அதே டிரைவர் ஒற்றை ஆளாக மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கும்போது "ஆமாங்க ஐயா" என்கிறார். ஏன்? பக்கத்தில் நாம் இல்லை. நாம்தான் இல்லை! மே தினத்துக்குக் கொடி கட்டுகிறோம். பொதுக்கூட்டத்துக்கு நோட்டீசு ஒட்டுகிறோம். நம் ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் தோழர் கோர்ட்டுக்குப் போகும் நாள் நமக்குத் தெரிவதில்லை. இந்தக் குற்றச்சாட்டை நம்மீதே நாம் வைத்துக்கொள்கிறோம்.

வேண்டியது பெரிய ஏற்பாடு அல்ல. விபத்து நடந்த ஒரு மணி நேரத்தில் ஸ்டாண்டிலிருந்து ஒரு தோழர் அங்கே இருக்கவேண்டும். டயர் இழுத்த தடம், கண்ணாடி சிதறிய இடம், இரண்டு வண்டியும் நின்ற நிலை, விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் படம் எடுக்கவேண்டும். இன்று அந்தப் பெட்டி இல்லாத சட்டைப்பை ஏது? அக்கம்பக்கத்துக் கடைகளில் கேமரா இருந்தால் அந்த மணி நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி உடனே எழுத்து மூலம் கேட்கவேண்டும். போலீசுக்கும் அதைப்பற்றி ஒரு மனுக் கொடுத்து ரசீது வாங்கவேண்டும். நாலு நாள் கழித்துக் கேட்டால் இருக்காது.

ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எப்படி அடிபட்டது என்று ஒரு வரி எழுதுவார்கள். வலியில் ஏதோ சொல்லிவைக்கக் கூடாது; எதிர்த்திசையில் வந்த வண்டி மோதியது என்றால் அப்படியே சொல்லவேண்டும். வருஷம் கழித்து அந்த வரியைத்தான் வக்கீல்கள் முதலில் புரட்டுவார்கள். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றவேண்டும் என்று 2016இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. சில தனிவகை வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. அதை எடுத்துப் படிக்கவேண்டும். பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் குற்றப்பத்திரிகையோடு வரும். வரைபடத்தில் மோட்டார் சைக்கிள் எந்தத் தெருவிலிருந்து வருவதாக அம்புக்குறி போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி வழக்குத் தெரிந்துவிடும். நம் தோழர் வழக்கில் அம்புக்குறி சரியாகத்தான் இருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் பிரேக்கில் குறை இல்லை என்று எழுதியிருந்தார். இரண்டையும் அவர் பார்த்ததே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில்தான், எல்லாம் முடிந்த பிறகு.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். மாவட்டக் கோர்ட்டு வளாகங்களில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், குறித்த வருமானத்துக்குக் கீழ் உள்ளோர் முதலியோருக்கு வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். தர்மம் அல்ல அது, நம் வரிப்பணம்.

வாய்தாவுக்குப் போகும் நாளில் படி போகிறதே என்பதுதான் உண்மையான கஷ்டம். அதை மறுக்கவில்லை. நாலு வாய்தாவுக்கு நாலு நாள் கூலி போகும். அந்த நாலு நாள் கூலியை ஸ்டாண்டில் இருக்கும் முப்பது பேர் சேர்ந்து கொடுத்தால் ஆளுக்கு எவ்வளவு வரும்? டீக்காசு.

நம் தோழருக்குத் தம்பி ஒருவர்; அவரும் டிரைவர்தான். சென்ற மாதம் அவருக்கும் ஒரு சீட்டு வந்தது. ஒரு கார் பின்னால் வந்து இடித்ததற்கு, முன்னால் போன இவர்மீது அபாயகரமாக ஓட்டியதாக எழுதியிருந்தார்கள். பழைய முதலாளிபோல ஒருவர் "கட்டிவிட்டு வா" என்றார். தம்பி கட்டவில்லை. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சங்க ஆபீசுக்கு வந்தார். பிரித்துப் பார்த்தோம். அவர் போகாத தெருவின் பெயர் எழுதியிருந்தது. கோர்ட்டில் கூப்பிட்டபோது அண்ணன் பக்கத்தில் நின்றார். நம்மில் நாலுபேர் பின்னால் நின்றோம். "இல்லீங்க ஐயா, நான் செய்யலை" என்றார் தம்பி. மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். சாட்சிகளுக்குத் தேதி போட்டார். வரும் வாய்தாவுக்கும் போகிறோம்.